இரண்டு வயதுக் குழந்தையோடு மட்ச்சூட் பண்ணைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

லண்டனுக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "சின்னக் குழந்தையை வெச்சுக்கிட்டு சனி ஞாயிறு எங்கேங்க போறது?" மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட்டே பெரிய செலவு. மியூசியத்தில் கூட்டம். பக்கத்துப் பூங்காவில் எப்போதும் அதே ஊஞ்சல், அதே சறுக்குமரம். குளிர்காலம் முழுக்க ஃபிளாட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைக்கு மண், மணம், உயிருள்ள ஏதோ ஒன்று வேண்டும். நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: சிட்டி ஃபார்முக்குப் போங்கள்.

சிட்டி ஃபார்ம் என்றால் நகரத்துக்கு நடுவே இருக்கும் சின்னப் பண்ணை. ஆடு, மாடு, கோழி, பன்றி, கழுதை எல்லாம் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பகுதி மக்களே தொண்டு நிறுவனமாக நடத்துவார்கள். பிரிட்டனில் இப்படி முதலில் தொடங்கியது 1972-ல், லண்டனின் கென்டிஷ் டவுனில். இன்று லண்டனில் இப்படிப் பல பண்ணைகள் உண்டு. பெரும்பாலானவற்றில் நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியல் மட்டும் வைத்திருப்பார்கள். தீவனம், வைக்கோல், மருத்துவர் செலவு எல்லாம் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது. அதனால் உங்களால் முடிந்ததைப் போட்டுவிட்டு வாருங்கள்.

எங்களுக்குப் பழக்கமானது கிழக்கு லண்டனில், ஐல் ஆஃப் டாக்ஸ் பகுதியில் இருக்கும் மட்ச்சூட் பண்ணை. பூங்காவும் பண்ணையும் சேர்ந்து 32 ஏக்கர். நுழைவு இலவசம். மகளுக்கு ஒன்றே முக்கால் வயதில் முதலில் அழைத்துப் போனோம். அதற்கப்புறம் எத்தனையோ முறை போய்விட்டோம். முதல்முறை நாங்கள் செய்த தவறுகளிலிருந்துதான் இந்தக் குறிப்புகளில் பாதி வந்தது.

பெயருக்கு ஒரு கதை உண்டு. 1868-ல் திறக்கப்பட்ட மில்வால் கப்பல் துறையைத் தூர்வாரி, அந்தச் சேற்றைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து கொட்டிய இடம் இது. மட்ச்சூட் என்ற பெயரும் அந்தச் சேற்றினால் வந்ததுதான். அதனால்தான் சுற்றுப்பக்கமெல்லாம் சமதளமாக இருக்க, இது மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு பீரங்கி இன்றும் காட்சிக்கு நிற்கிறது. 1974-ல் இந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டத் திட்டம் போட்டபோது அக்கம்பக்கத்து மக்கள் கூடி எதிர்த்தார்கள். 1977-ல் சங்கம் அமைத்துப் பண்ணையாக்கினார்கள். ஆடு மேயும் புல்வெளிக்குப் பின்னால் கனரி வார்ஃபின் கண்ணாடிக் கோபுரங்கள் தெரிவதைப் பார்க்கும்போது, அவர்கள் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

நாளும் நேரமும்

முதலில் பண்ணையின் இணையதளத்தில் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பாருங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும் சிட்டி ஃபார்ம்கள் நிறைய உண்டு. பூங்கா திறந்திருக்கும், விலங்குகள் இருக்கும் முற்றம் பூட்டியிருக்கும் என்பதும் நடக்கும். அதோடு, பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் கோழி, வாத்துகளைக் கூரைக்குள் அடைத்து வைக்க அரசு உத்தரவு போடும். "கோழி பார்க்கப் போறோம்" என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்துவிட்டு அங்கே போய் ஏமாறுவது குழந்தைக்குப் பெரிய துக்கம். எதைப் பார்க்கப் போகிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள்.

நேரம் காலை பத்து மணியை ஒட்டி இருக்கட்டும். விலங்குகள் அப்போதுதான் தீவனம் தின்று நடமாடிக்கொண்டிருக்கும், கூட்டமும் குறைவு. இரண்டு வயதுக் குழந்தைக்கு மதியத் தூக்கம் பன்னிரண்டு, ஒரு மணிக்கு என்றால் அதற்கு முன் திரும்பும் வழியில் இருக்க வேண்டும். பண்ணைக்குள் ஒன்றரை மணி நேரம் போதும். "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று மூன்று மணி நேரம் சுற்றினால் கடைசி அரைமணி அழுகையில்தான் முடியும். வீட்டுக்குப் போன பிறகும் குழந்தைக்கு அந்த அழுகைதான் நினைவிருக்கும்.

குட்டிகளைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இங்கே செம்மறிகள் பெரும்பாலும் அப்போதுதான் குட்டி போடும். மே, ஜூனில் முடி கத்தரிப்பார்கள். நவம்பர், டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடும், சேறும் அதிகம். ஆனால் கூட்டமே இருக்காது. நல்ல கோட் இருந்தால் எனக்கு அந்த மாதங்களும் பிடிக்கும்.

வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் குட்டி போடும் காலத்தில் ஆட்டுப் பட்டிப் பக்கமே அவர்கள் போகக்கூடாது. குட்டி போடும் செம்மறிகளிடமிருந்து வரும் சில கிருமிகள் கருவைப் பாதிக்கும், கருச்சிதைவு வரை கொண்டுபோகும். குட்டியைத் தொடக்கூடாது என்பதோடு நிற்பதில்லை. அங்கே போய்வந்த கணவரின் பூட்ஸையும் துணியையும்கூட அவர்கள் கையாளக்கூடாது. இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டு முதல் குழந்தைக்கு ஆட்டுக்குட்டி காட்டப் போகும் தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வருடம் மட்டும் அப்பாவை அனுப்புங்கள்.

முந்தின நாள் ராத்திரி எடுத்து வைப்பது

வெல்லி எனப்படும் ரப்பர் பூட்ஸ்தான் முதலில். துணி ஷூ போட்டுப் போனால் பத்து நிமிடத்தில் நனைந்து, குழந்தை தூக்கச் சொல்லும். மழைத் துணியால் ஆன முழு உடுப்பு சூப்பர்மார்க்கெட்டுகளிலேயே கிடைக்கும். அதை மேலே மாட்டிவிட்டால் குழந்தை எங்கே உட்கார்ந்தாலும் கவலையில்லை. மாற்றுத் துணி முழு செட் ஒன்று, இரண்டு ஜோடி சாக்ஸ், நாப்பி (இங்கே டயபரை அப்படித்தான் சொல்கிறார்கள்), ஈரத் துடைப்பான், அழுக்குத் துணி போட ஒரு பிளாஸ்டிக் பை. பூட்ஸுக்குத் தனிப் பை. குழந்தைக்கு வீசிங் இருந்தால் இன்ஹேலர் கட்டாயம், ஏனென்றால் வைக்கோல் தூசி சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

தள்ளுவண்டி பெரிய சக்கரம் உள்ளதாக இருந்தால் எடுத்துப் போங்கள். குடை மாதிரி மடக்கும் சின்னச் சக்கர வண்டி அந்த மேட்டிலும் சரளையிலும் இழுக்காது. எங்களுக்குச் சரிப்பட்டது முதுகில் கட்டும் கேரியர்.

சூப்பான் பழக்கம் உள்ள குழந்தை என்றால் அதை ரயிலிலிருந்து இறங்கும்போதே வாங்கிப் பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போகும் வழி

பேங்க் ஸ்டேஷனிலிருந்து லூயிஷம் போகும் டிஎல்ஆர் (டாக்லண்ட்ஸ் லைட் ரயில்வே) ரயில் நேராகப் போகும். ஈஸ்ட்ஹாம் பக்கம் இருப்பவர்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட்ஹாம் வந்து, ஜூபிலி லைனுக்கு மாறி, கனரி வார்ஃபில் இறங்கி, கொஞ்சம் நடந்தால் ஹெரான் கீஸ் டிஎல்ஆர். இல்ஃபோர்டிலிருந்து எலிசபெத் லைனில் வைட்சேப்பல் வந்து, அங்கே மாறிக் கனரி வார்ஃப் வரலாம். கிராஸ்ஹார்பர், மட்ச்சூட் இரண்டில் எதில் இறங்கினாலும் பத்து நிமிட நடைதான். நாப்பியோ தண்ணீர் பாட்டிலோ மறந்துவிட்டால் கிராஸ்ஹார்பர் பக்கம் பெரிய ஆஸ்டா சூப்பர்மார்க்கெட் இருக்கிறது.

டிஎல்ஆரைக் குழந்தையோடு போகிறவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எல்லா டிஎல்ஆர் நிலையங்களிலும் படி ஏறாமலே பிளாட்பாரத்துக்குப் போகலாம், லிஃப்டோ சாய்வுப் பாதையோ இருக்கும். இன்னொன்று, ரயிலுக்கு முன்னால் ஓட்டுநர் அறை கிடையாது. முதல் பெட்டியின் முன் இருக்கை காலியாக இருந்தால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். தண்டவாளம் நேராக நம் பக்கம் ஓடிவரும். மகளுக்குப் பண்ணைக்குப் போவதில் பாதி சந்தோஷம் இதுதான்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். நீங்கள் கான்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டையோ ஆயிஸ்டர் பயண அட்டையையோ தட்ட வேண்டும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்: டிஎல்ஆரின் பல நிலையங்களில் கேட் இருக்காது. கார்டு தட்டும் கம்பம் மட்டும் ஓரமாக நிற்கும். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வண்டி என்று வரும்போது மறந்து அப்படியே ஏறிவிடுவோம். பரிசோதகர் வந்தால் அபராதம். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும்.

உள்ளே போனதும்

நாங்கள் முதல்முறை செய்த தவறு இது: வரைபடத்தைப் பார்த்து, வரிசையாக எல்லா விலங்கையும் காட்டிவிட வேண்டும் என்று கிளம்பினோம். "பாரு பன்றி, பாரு கழுதை, பாரு லாமா" என்று இழுத்துக்கொண்டே போனோம். அவளோ வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கோழி மண்ணைக் கிளறுவதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்தில் அழுகை. அடுத்த முறை போனபோது ஒன்றுமே சொல்லாமல் அந்தக் கோழியிடம் உட்கார விட்டோம். கோழி கிளறியது, இவளும் குச்சியால் கிளறினாள். கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது, இவளும் தலையைச் சாய்த்தாள். அன்றைக்கு நாங்கள் பார்த்தது மூன்று விலங்குகள்தான். வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ஆக, குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். முடிந்தால் குழந்தையின் உயரத்துக்குக் குந்தி உட்காருங்கள். நமக்கு ஆடு முழங்காலளவு. இரண்டு வயதுக்கு அது முகத்துக்கு நேரே வரும் மிருகம்.

பயந்து அலறினால் தப்பில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு அடி பின்னால் போங்கள், அங்கிருந்து பார்க்கட்டும். பிறகு நீங்கள் மட்டும் போய் வேலி வழியாக ஆட்டின் கழுத்தைத் தடவுங்கள், குழந்தை வேறொருவர் கையில் இருக்கட்டும். "ஒண்ணும் பண்ணாது, தொடு தொடு" என்று கையைப் பிடித்து இழுத்து வைக்காதீர்கள். அதைவிட முக்கியமாக, நம் வீடுகளில் பழகிப்போன அந்தப் பேச்சு வேண்டாம்: "சாப்பிடலைன்னா மாடு முட்டும்", "அழுதா பன்னிகிட்ட விட்டுடுவேன்." எதிரே உண்மையான மாடு நிற்கும்போது அதைச் சொன்னால் குழந்தை அப்படியே நம்பிவிடும்.

விலங்கின் உடம்பும் பேசும், அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். லாமா காதைப் பின்னால் மடித்து முகவாயைத் தூக்கினால் துப்பப் போகிறது, தள்ளி வந்துவிடுங்கள். வாத்துக் கூட்டத்துக்கு நடுவே கழுத்தை நீட்டிச் சீறினால் அது பெருவாத்து (கூஸ்). ஓடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக விலகுங்கள். கழுதைக்கும் குதிரைக்கும் பின்பக்கமாக நிற்கவே கூடாது. வேலிக்கு உள்ளே விரல் விடக் கூடாது என்று பலகை இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

தீவனம்

பண்ணையில் விற்கும் தீவனம் இருந்தால் அதை மட்டும் கொடுங்கள், எந்த விலங்குக்குக் கொடுக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை ஒட்டி வைத்து நீட்ட வேண்டும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, உதட்டாலும் நாக்காலும் வாரிக்கொள்ளும். கை கூசும், அவ்வளவுதான். மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு உங்கள் கையின் மேல் அதன் கையை வைத்துக் கொடுங்கள்.

வீட்டிலிருந்து எதையும் கொண்டுவந்து கொடுக்காதீர்கள். இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு மாட்டைக் கண்டால் அகத்திக்கீரையோ வாழைப்பழமோ கொடுப்பது புண்ணியம். ஊரில் அரிசி கழுவிய தண்ணீரும் காய்த்தோலும் மாட்டுக்குத்தான் போகும். இங்கே வீட்டுச் சமையலறைக் கழிவைப் பண்ணை விலங்குகளுக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். 2001-ல் இந்த நாட்டில் கோமாரி நோய் பரவியது, சரியாகக் காய்ச்சாத உணவுக் கழிவைப் பன்றிகளுக்குப் போட்ட ஒரு பண்ணையிலிருந்துதான் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ஆண்டு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளையும் ஆடுகளையும் கொன்றார்கள். பண்ணைக்காரர்கள் ஒரு ரொட்டித் துண்டுக்கே பதறுவது இதனால்தான்.

பேச்சு

இரண்டு வயது என்பது சொற்கள் கொட்டும் வயது. வீட்டில் தமிழ், நர்சரியில் ஆங்கிலம் என்று வளரும் குழந்தைக்கு இந்த ஒன்றரை மணி நேரம் பெரிய வாய்ப்பு. நான் அங்கே ஆங்கிலத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கொம்பு, குளம்பு, வால், தாடி, கொண்டை, இறக்கை, சாணி, வைக்கோல், கொட்டில். ஃபிளாட்டுக்குள் இந்தச் சொற்களுக்கு வேலையே இல்லை. ஆடு அசை போடுவதைக் காட்டாமல் "அசை போடுதல்" என்றால் என்னவென்று எப்படிச் சொல்வது?

வெள்ளாட்டையும் செம்மறியையும் பிரித்துக் காட்டுங்கள். இங்கத்துச் செம்மறியில் சில வகைகள் நமக்கே குழப்பும். வாலைப் பாருங்கள்: வெள்ளாட்டுக்கு மேல்நோக்கி நிற்கும், செம்மறிக்குத் தொங்கும். இரண்டின் கண்ணிலும் பாப்பா படுக்கைக் கோடாக இருப்பதையும் காட்டலாம். இங்கிலாந்துப் பண்ணைகளில் நீளமாகத் தொங்கும் காதும் வளைந்த மூக்குமாக ஆங்கிலோ நூபியன் என்றொரு வெள்ளாடு உண்டு. இந்தியாவின் ஜமுனாபாரி ஆட்டின் ரத்தமும் கலந்து உருவான இனம் அது. எங்கேயாவது கண்டால் உங்களுக்கே ஊர் முகம் பார்த்த மாதிரி இருக்கும்.

கோடைக்காலத்தில் லண்டனில் காலை பத்தரை என்றால் ஊரில் மாலை மூன்று. பாட்டி, தாத்தா தூங்கி எழுந்திருக்கும் நேரம். வீடியோ கால் போடுங்கள். என் அம்மா திண்டுக்கல்லிலிருந்து பார்த்து முதலில் கேட்டது, "ஏன்டீ, இந்த ஆட்டுக்கு எதுக்கு இத்தனை முடி?" என்று. "குளிருமேம்மா" என்றேன். அப்புறம் ஒரு கால்மணி நேரம் பேத்திக்கு, தான் சின்ன வயதில் மேய்த்த ஆடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கே தெரியாத பெயர்கள். எங்களோடு வந்திருந்த யாழ்ப்பாணத் தோழி வாத்தைத் தாரா என்றாள். மகள் இன்றுவரை வெள்ளை வாத்தை வாத்து என்றும், பழுப்பு நிறத்ததைத் தாரா என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் திருத்தவில்லை.

ஃபோனைக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள், தொட்ட கையோடு அதை வாங்கிப் பிறகு வாயில் வைக்கும். படம் எடுக்கும்போது மற்றவர்களின் குழந்தைகள் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே அதைப் பெற்றோர் விரும்புவதில்லை.

கை கழுவுதல்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள்.

ஆரோக்கியமான ஆடு, மாடுகளின் குடலிலேயே ஈ கோலை ஓ157 என்ற பாக்டீரியாவும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும் இருக்கலாம். விலங்குக்கு ஒன்றும் செய்யாது, பார்த்தாலும் தெரியாது. சாணத்தின் வழியாக வேலி, முடி, தரை, பூட்ஸ் எல்லாவற்றிலும் ஒட்டியிருக்கும். கொஞ்சமே உடம்புக்குள் போனாலும் நோய் வரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைத்தான் கடுமையாகத் தாக்கும், சிலருக்குச் சிறுநீரகம் வரைக்கும் போகும். 2009-ல் சரே மாவட்டத்தில் ஒரு பண்ணைக்குப் போய்வந்தவர்களில் 93 பேருக்கு ஓ157 வந்தது. பெரும்பாலோர் சின்னக் குழந்தைகள். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நாங்கள் இன்றும் மாதத்துக்கு ஒருமுறை போகிறோம். ஆனால் கை கழுவாமல் ஒரு முந்திரிப்பருப்புகூடக் கொடுப்பதில்லை.

ஹேண்ட் ஜெல் போதாது. ஜெல் இந்தக் கிருமிகளை முழுசாகப் போக்காது, ஈரத் துடைப்பானும் அப்படித்தான். சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண் என்று நன்றாகத் தேய்த்து, காயத் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணுவோம். குழந்தையின் கையை நீங்களே கழுவிவிடுங்கள், பிறகு உங்கள் கையையும்.

எப்போதெல்லாம்? விலங்கைத் தொட்ட பிறகு. சாப்பிடுவதற்கு, குடிப்பதற்கு முன். பண்ணையை விட்டுக் கிளம்பும்போது. பூட்ஸைக் கழற்றிய பிறகு. தள்ளுவண்டிச் சக்கரத்தைத் துடைத்த பிறகும். இடையில் சூப்பானோ பால் பாட்டிலோ தரையில் விழுந்தால் துடைத்துக் கொடுக்காமல் பைக்குள் போட்டுவிடுங்கள். விரல் சூப்பும் குழந்தையானால் வேலிப் பக்கம் இருக்கும்வரை ஏதாவது ஒரு குச்சியோ இலையோ கையில் கொடுத்து வைத்திருங்கள். கை வேலையாக இருந்தால் வாய்க்குப் போகாது. விலங்கை முத்தமிட விடாதீர்கள், எவ்வளவு அழகான குட்டியாக இருந்தாலும்.

குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும், குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். துடைக்க ஒரு சின்னத் துண்டைக் கையோடு வைத்துக்கொண்டு, கழுவியதும் அதில் பொத்திச் சூடாக்கிவிடுங்கள்.

சாப்பாடு

விலங்குகள் இருக்கும் பகுதிக்குள் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். சாப்பிடுவதற்கென்று தனியாகப் போட்டிருக்கும் மேஜைக்கோ, பண்ணையின் கஃபேக்கோ கை கழுவிய பிறகு போங்கள். நாங்கள் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் கொண்டுபோவோம். நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், கையால் ஊட்டுகிறவர்கள். அதனால் அன்றைக்கு மட்டும் ஸ்பூன். கை கழுவியிருந்தாலும்கூட ஸ்பூன்தான். தயிர்சாதத்தைக் கையால் பிசைந்து ஊட்டுவதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது

குழந்தை சோர்வதற்கு முன்பே கிளம்புங்கள். "இன்னும் ஒரே ஒரு ஆட்டுக்கு டாட்டா சொல்லிட்டு ரயிலுக்குப் போகலாம்" என்றால் எங்கள் மகள் வருவாள். திடீரென்று தூக்கிக்கொண்டு கிளம்பினால் வரமாட்டாள். எந்த ஆட்டுக்கு டாட்டா சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

பக்கத்தில் ஐலண்ட் கார்டன்ஸிலிருந்து தேம்ஸுக்கு அடியில் கிரீனிச்சுக்குப் போகும் நடைச் சுரங்கம் இருக்கிறது, 1902-ல் திறந்தது. அந்தப் பக்கம் கட்டி சார்க் கப்பல். சிலர் இரண்டையும் ஒரே நாளில் சேர்ப்பார்கள். இரண்டு வயதோடு வேண்டாம் என்பது என் அனுபவம். அது இன்னொரு சனிக்கிழமைக்கு.

பூட்ஸைப் பண்ணையிலேயே கழற்றிப் பையில் போட்டு, வேறு ஷூ மாட்டி, மறுபடி கை கழுவிக்கொண்டு ரயில் ஏறுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணி நேராக வாஷிங் மெஷினுக்கு. பூட்ஸை வெளியிலோ பாத்ரூமிலோ கழுவுங்கள், பாத்திரம் கழுவும் சிங்க்கில் கூடாது.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ வயிற்றுவலியோ வந்தால் அரசு மருத்துவ சேவையின் உதவி எண்ணான என்ஹெச்எஸ் 111-ஐ அழைத்து, பண்ணைக்குப் போய்வந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையையோ ஆன்டிபயாடிக்கையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள், ஓ157-ஆக இருந்தால் நிலைமை மோசமாகலாம். வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆகும்வரை நர்சரிக்கு அனுப்பக்கூடாது. ஓ157 என்று உறுதியானால், எப்போது அனுப்பலாம் என்பதைச் சுகாதாரத் துறையே சொல்லும்.

மட்ச்சூட் தூரமாக இருந்தால்

டூட்டிங், மிச்சம், காலியர்ஸ் வுட் பக்கம் இருப்பவர்களுக்கு மெர்டனில் வேண்டில் ஆற்றங்கரையோரம் டீன் சிட்டி ஃபார்ம் இருக்கிறது. தெற்கே நதியை ஒட்டி சரே டாக்ஸ், மையத்தில் வாக்ஸால், வடக்கே கென்டிஷ் டவுன், கிழக்கில் ஹாக்னி, ஸ்டெப்னி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். இவையெல்லாம் மட்ச்சூட்டைவிடச் சின்னவை. ஆனால் நடக்கப் பழகும் குழந்தைக்குச் சின்னப் பண்ணையே வசதி, இருபது அடிக்கு ஒரு விலங்கு வந்துவிடும். ஈஸ்ட்ஹாம் பக்கத்தில் பழைய ஆட்கள் பெக்டனில் இருந்த நியூஹாம் பண்ணையைச் சொல்வார்கள். அது மூடிவிட்டது, தேடிப்போய் அலையாதீர்கள்.

முதல்முறை போய்வந்த பிறகு, ஒரு மாதம் கழித்து அதே பண்ணைக்கே மறுபடி போங்கள். புது இடம் தேட வேண்டாம். ரயிலை விட்டு இறங்கும்போதே குழந்தைக்கு வழி தெரிந்திருக்கும், போன தடவை டாட்டா சொன்ன ஆட்டிடம்தான் முதலில் போய் நிற்கும்.